கேட்டதும் கெட்டதும்

கோப்பைக்குக் காது உண்டு. ஊசிக்கும் உண்டு. ஆனால் கோப்பையோ ஊசியோ இதுவரை எதையும் கேட்டதாகத் தகவல் இல்லை. காது என்று ஒன்று இருந்தால் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கிடையாது. இந்த இரண்டு சாட்சி போதாது என்றால் மூன்றாவதாகக் காதுக்காரியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் வரமாட்டாள். அதுதான் விஷயமே.

காதுக்காரி என்பது தொழிலால் வந்த பெயர். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளும் அவள் நாத்தனாரும், கார் இல்லாத ஒரு வீட்டின் கார் ஷெட்டில் மண் கோப்பைகள் செய்கிறார்கள். நாத்தனார் சுவரைப் பார்த்தபடி சக்கரத்தில் உட்கார்ந்து கோப்பையின் உடம்பை எழுப்புவாள். அது பாதி காய்ந்து செருப்புத்தோல் மாதிரி விறைத்ததும் காதுக்காரியின் கைக்கு வரும். அவள் ஈரமண்ணை, பால் கறக்கிற மாதிரி நீவி நீவி நீட்டுவாள். வெட்டுவாள், வளைப்பாள், ஒட்டுகிற இடத்தைக் கத்திமுனையால் கீறி மண்குழம்பு தடவுவாள், கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவாள். காது முளைத்துவிடும். சூளைக்கு முந்தின நாட்களில் நாளைக்கு முப்பது காது. கடவுளே தலைக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதற்கு அந்த ஷெட்டில் 'கேட்பது' என்று பெயர். சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு கோப்பையையும் இடது உள்ளங்கையில் உட்காரவைத்து, வலது ஆள்காட்டி விரலின் முட்டியால் விளிம்பில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். 'ணிங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் எங்கோ ஒரு மயிரிழை விரிசல். கண்ணுக்கு அகப்படாது, சூடாக எதையாவது ஊற்றினால்தான் வேலையைக் காட்டும். தட்டித் தேறியதைக் 'கேட்டது' என்பார்கள். தேறாததைக் 'கெட்டது' என்பார்கள். எழுத்தில் பார்த்தால் கொம்பில் ஒரு சுழிதான் கூடக் குறைய. தமிழ் வாத்தியார்கள் இந்தச் சுழிக்காகத்தான் பிள்ளைகளின் காதைத் திருகுகிறார்கள். திருகட்டும், தப்பில்லை. அந்தச் சுழி என்னவெல்லாம் செய்யும் என்று இனிமேல்தான் தெரியப்போகிறது.

மண்ணுக்கு வருவதற்கு முன்னால் காதுக்காரி இருபத்திரண்டு வருஷம் நூல் ஆலையில் நின்றவள். அங்கே இயந்திரங்கள் போடும் கூச்சலில் பக்கத்தில் நிற்பவளுக்குத் தும்மல் வந்தாலும் கேட்காது. அதனால் எல்லோரும் உதட்டால் பேசினார்கள், கண்ணால் கேட்டார்கள். ஆலை மூடியபோது சம்பளம் போனது, தோழிகள் போனார்கள். உதட்டைப் படிக்கும் வித்தை மட்டும் கூடவே வீட்டுக்கு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. அது சத்தம் போடாமல் வந்ததால் அவள் கவனிக்கவில்லை.

முதலில் போனது குக்கர் விசில். அடுத்தது வாசல் மணி. கீச்சுச் சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பின. வீட்டில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர், அவர் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதே ஹாரன் அடித்த மாதிரிதான் இருந்தது. அந்தக் குரல் அவளுக்கு இன்றைக்கும் கேட்கும். மற்றவர்கள் பேசினால் உதட்டைப் பார்த்துக்கொள்வாள். எல்லோரும் சிரித்தால் அரை நொடி தள்ளிச் சிரிப்பாள். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிறவன் எப்போதும் ஒரு வரி பின்னால் இருப்பான் இல்லையா, அது மாதிரி.

மூன்றாவதாகப் போனது அந்த 'ணிங்'. அது போன நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சூளையைத் திறந்து நாற்பது கோப்பைகளைத் தட்டினாள். ஒன்றுகூட மணியடிக்கவில்லை. மண் மோசம் என்று நினைத்து நாற்பதையும் குப்பைக் கூடையில் போட்டாள். நாத்தனார் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு முறைத்தாள்.

"ஏன் அண்ணி, கோயில் மணி மாதிரி அடிக்குது. இதையா ஒதுக்கினீங்க?"

பிறகு காதுக்காரி சொன்னாள், "உனக்குக் காது இருக்கான்னு பாத்தேன்."

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். காதுக்காரியும் அரை நொடி தள்ளிச் சிரித்தாள்.

யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போனாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவள் கண்ணாடி வழியே டாக்டரின் தோளைப் பார்த்தாள். தோள் அசைந்தால் அமுக்கினாள். பரீட்சையில் காப்பியடிப்பதில் அப்படி ஒரு திறமை. ஆனால் அந்த டாக்டர் பழைய ஆள், நடுவில் சும்மாவே இரண்டு முறை தோளை ஆட்டினார். அதற்கும் அமுக்கினாள். "ரெண்டு பக்கமும் போயிருக்கும்மா. மெஷின் வச்சா பேச்சு கொஞ்சம் கேக்கும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். தாள் களிமண் மூட்டைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஆலையில் ஒருத்தியைப் பார்த்திருக்கிறாள். சங்கு ஊதியது கேட்கவில்லை என்று அவளை நூலிலிருந்து எடுத்துத் துடைப்பத்தில் போட்டார்கள். தவிர, கோப்பைகளை விற்க அவர்கள் வருஷா வருஷம் மேஜை போடும் கைவினைக் கண்காட்சியில், போன முறை பக்கத்து மேஜை மெழுகுவத்திக்காரர் எதைக் கேட்டாலும் "ஆங்?" என்றார். நாத்தனார் இரண்டு நாளும் அவரைப் போலவே கையைக் காதில் வைத்து "ஆங்? ஆங்?" என்று நடித்துக் காட்டினாள். காதுக்காரியும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாக நின்றது. இன்னும் இறங்கவில்லை.

அதே கண்காட்சியில்தான் இரண்டாம் நாள் ஒரு பெண்மணி கோப்பையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். டீ கசிந்து அவளுடைய அலுவலகத் தாளெல்லாம் நனைந்துவிட்டதாம். கண்காட்சி நடத்தும் அம்மா, தாள் சொருகிய அட்டையும் கையுமாக வந்து நின்றாள். "அடுத்த தடவை இப்படி ஒரே ஒரு புகார் வந்தாலும் மேஜை கிடையாது. வரிசையில எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?" நாத்தனார் மண்ணைத் திட்டினாள், சூளையைத் திட்டினாள், மின்சாரத்தைத் திட்டினாள். யார் மேல் தப்பு என்று காதுக்காரிக்குத் தெரியும். அவள்தான் அந்தக் கோப்பையைக் கேட்டாள். கேட்டதாக வைத்துக்கொண்டாள்.

இந்த வருஷக் கண்காட்சி சனிக்கிழமை. புதன்கிழமை எழுபது கோப்பைகள் அலமாரித் தட்டுகளில் நின்றன. வியாழன் காலை நாத்தனார், இரண்டு கையிலும் மண்ணோடு, தாடையால் தட்டைக் காட்டிச் சொன்னாள்.

"அண்ணி, கீழ்த்தட்டு பூரா கெட்டது. பாத்துக்கங்க."

காதுக்காரி உதட்டைப் படித்தாள். 'கீழ்த்தட்டு பூரா கேட்டது.' உதட்டுக்குக் குறில் தெரியாது, நெடில் தெரியாது. அது பாட்டுக்கு ஒரே மாதிரி திறந்து மூடும்.

அவளுக்கு எவ்வளவு நிம்மதி! கீழ்த்தட்டில் இருந்த ஒன்பது கோப்பைகளை வேறு யாரோ கேட்டுவிட்டார்கள். அந்த ஒன்பது மட்டுமாவது நிச்சயமாக நல்லவை. அவற்றைத்தான் முதலில் எடுத்தாள். செய்தித்தாளில் குழந்தையைச் சுற்றுகிற மாதிரி சுற்றினாள். எல்லாப் பெட்டிக்கும் நல்லது போகட்டும் என்று மூன்று பெட்டியிலும் மூன்று மூன்றாகப் பிரித்து வைத்தாள். பிறகு மிச்சம் அறுபத்தொன்றையும் தட்டுகிற மாதிரி தட்டிச் சுற்றினாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாத்தனார் கைகழுவ எழுந்தவள் காலியாகக் கிடந்த கீழ்த்தட்டைப் பார்த்தாள். நாலு மணிக்கு வேன் வரும்.

"அண்ணி, இங்க இருந்ததை எங்க கொட்டினீங்க?"

"பெட்டியிலதான்."

"பெட்டியிலயா! எந்தப் பெட்டியில?"

"மூணுலயும் கலந்து வச்சேன். ஏன்?"

"நான்தான் கெட்டதுன்னு சொன்னேனே!"

"ஆமா, கேட்டதுன்னுதான் வச்சேன்."

"கெட்டது அண்ணி!"

"அதான் நானும் சொல்றேன், கேட்டது."

நாத்தனார் ஈரக்கையை அப்படியே தொங்கவிட்டு நின்றாள். "அந்த ஒன்பதும் ஓட்டை. புதன்கிழமை சந்தேகத்துல எல்லாத்துலயும் தண்ணி ஊத்தி, விடிய விடிய பேப்பர் மேல வச்சுப் பாத்தேன். ஒன்பதுக்கு அடியில மட்டும் பேப்பர் நனைஞ்சிருந்துச்சு. அதைத் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் உங்ககிட்ட சொன்னேன்."

காதுக்காரியின் கண் மூன்று பெட்டிகளின் மேலும் போய் வந்தது.

"சரி, பிரிங்க. மறுபடி தண்ணி வச்சுப் பாக்க நேரமில்ல. கசியறதுக்கே ஒரு ராத்திரி ஆகுது. நீங்க தட்டிக் கேட்டுச் சொல்லுங்க, நான் சுத்தி வைக்கறேன். சீக்கிரம், சீக்கிரம்."

முதல் பெட்டி திறந்தது. முதல் கோப்பை காதுக்காரியின் உள்ளங்கையில் உட்கார்ந்தது. தட்டினாள். விரல் முட்டியில் ஒரு வலி, அவ்வளவுதான். எதிரே நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பார்த்தெழுதப் பக்கத்தில் பெஞ்ச் இல்லை. 'கேட்டது' என்று சொன்னால் போதும். எழுபது முறை சொன்னால் வேன் வந்துவிடும். போன முறை நனைந்தது தாள். இந்த முறை யாராவது மடியில் குழந்தையோடு டீ குடித்தால்?

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் கேக்கல."

"தெருவுல சத்தமா? கதவைச் சாத்தவா?"

"கதவை இல்லம்மா. எனக்குத்தான் கேக்கல. காது போச்சு."

நாத்தனார் சிரிக்கத் தயாராக இருந்தாள். வாய் பாதி திறந்தும்விட்டது. அண்ணியின் முகத்தைப் பார்த்து அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழுங்கினாள்.

"எப்பலேருந்து?"

"நாலு சூளையா."

அந்த ஷெட்டில் காலத்தை அப்படித்தான் அளப்பார்கள். நாலு சூளை என்றால் ஏறக்குறைய ஒரு வருஷம்.

"நாலு சூளையா என்கிட்ட நடிச்சீங்களா? அப்ப போன தடவை அந்தக் கப்பு..."

"நான்தான்."

"மண்ணைப் போய்த் திட்டினேனே."

"கேட்டேன்" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, "பாத்தேன்" என்று காதுக்காரி திருத்திக்கொண்டாள்.

நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏதோ கணக்குப் போடுகிற மாதிரி நெற்றி சுருங்கியது. பிறகு மெதுவாகக் கேட்டாள், "நான் பேசினதெல்லாம் எப்படிப் புரிஞ்சுது?"

"உன் உதட்டைப் பாத்துத்தான்."

"சக்கரத்துல உக்காந்து பேசினா? சுவத்தைப் பாத்து உக்காருவேனே."

"அது போச்சு."

"எல்லாமா?"

காதுக்காரி தலையை ஆட்டினாள்.

"மழை பெஞ்ச அன்னைக்கு," என்று ஆரம்பித்த நாத்தனாரின் உதடு கோணியது. கோணிய உதட்டைப் படிப்பது கஷ்டம். காதுக்காரி குனிந்து கிட்டே போய்ப் படித்தாள். "மழை பெஞ்ச அன்னைக்கு, அவர் என்னை விட்டுட்டுப் போனது எப்படின்னு முழுக்கச் சொன்னேன். அம்மாகிட்டகூட அதைச் சொன்னதில்ல. எதிர்ல முகம் இல்லாததால சொல்ல முடிஞ்சுது. நீங்க குறுக்க ஒரு வார்த்தை பேசல. ஏன் எதுக்குன்னு கேக்கல. ஒரு காதை ஒட்டிட்டு அடுத்த காதை எடுத்தீங்க. எவ்வளவு பெரிய மனசு எங்க அண்ணிக்குன்னு நெனச்சேன்."

பெரிய மனசெல்லாம் ஒன்றுமில்லை. அன்றைக்குக் காதுக்காரிக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு முதுகும், அதற்கு அப்பால் சுற்றிக்கொண்டிருந்த மண்ணும்தான். முதுகு இரண்டொரு முறை குலுங்கியது. சக்கரத்தின் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கவே இல்லம்மா" என்றாள்.

பிறகு நாத்தனார் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அழுதா வேன் நிக்காது. கொடுங்க, நான் தட்டறேன்."

தட்டினாள். காதில் வைத்துத் தட்டினாள், மேஜையில் வைத்துத் தட்டினாள். அவள் காது நல்ல காதுதான், ஆனால் பொறுமை இல்லாத காது. அன்றைக்குக் குப்பைக் கூடையில் நாற்பதும் நல்லவையாக இருந்ததால் மணி கேட்டது. நல்லதும் கெட்டதும் கலந்து வந்தபோது மூன்றாவதிலேயே குழம்பிவிட்டாள். "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு அண்ணி. வித்தியாசம் எப்படி இருக்கும்?"

தனக்குக் கேட்காத ஒரு சத்தத்தைக் கேட்கிறவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். காதுக்காரி யோசித்தாள். "நல்லது, ஒருத்தரைக் கூப்பிட்டா 'வர்றேன்'னு சொல்லிட்டே வருவாரே, அந்த மாதிரி. சத்தம் தட்டின எடத்தை விட்டுக் கிளம்பி வரும். கெட்டது 'ம்'னு சொல்லிட்டு உள்ளயே உக்காந்துக்கும்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி" என்றாள் நாத்தனார். அதைக் காதுக்காரி படித்துவிட்டாள். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

சொல்லிக் காட்டுவதற்காக ஒரு கோப்பையின் காதில் இரண்டு விரலைக் கோர்த்து அந்தரத்தில் பிடித்தாள். "இப்படி விளிம்புல தட்டு." நாத்தனார் தட்டினாள். காதுக்காரியின் விரலுக்குள் ஏதோ ஓடியது. எறும்பு ஊர்கிற அளவுதான். அவள் முகம் மாறியது.

"மறுபடி தட்டு."

மறுபடியும் அந்த எறும்பு ஊர்ந்து, மெல்ல அடங்கியது.

"வேற கப்பு எடு. தட்டு. வேற." ஐந்தாவது கோப்பையில் எறும்பு வரவே இல்லை. தட்டு விழுந்தது, அங்கேயே செத்தது. நாத்தனார் காதைச் சாய்த்துக் கேட்டாள். "இது 'ம்' அண்ணி" என்றாள்.

"இதுதான்" என்றாள் காதுக்காரி. அவள் ஒட்டிய காது அவளுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ஒருத்தி பிடித்தாள், ஒருத்தி தட்டினாள். நல்லது என்றால் தலை மேலும் கீழும், இல்லையென்றால் பக்கவாட்டில். இரண்டு தலையும் ஒன்றுபோல ஆடினால்தான் செய்தித்தாள். மூன்று மணிக்கு எட்டுக் கோப்பைகள் கூடைக்குப் போயிருந்தன. அறுபத்திரண்டாவது கோப்பையில் நாத்தனார் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். காதுக்காரி பக்கவாட்டில் ஆட்டினாள்.

"மணி மாதிரி அடிக்குது அண்ணி."

"விரல்ல பாதியில நின்னு போகுது."

"எனக்கு நல்லாக் கேக்குது."

"எனக்குக் கேக்கல. ஆனா நல்லா இல்ல."

இன்னும் எட்டுக் கோப்பைகள் மிச்சம். ஒன்பதாவது ஓட்டை இதுவாகவும் இருக்கலாம், அந்த எட்டில் ஒன்றாகவும் இருக்கலாம். நாத்தனார் கோப்பையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். நீலப் பூச்சு ஓடிய, எழுபதிலும் அழகான கோப்பை அது. நாலு சூளையாகப் பொய் சொன்ன ஒருத்தியின் விரலை நம்ப வேண்டும். காதுக்காரி அந்த முகத்தைப் படித்தாள், அதற்கு உதடு தேவைப்படவில்லை. நாத்தனார் பெருமூச்சு விட்டாள், கோப்பையை எடுத்துப் போய்க் கூடையில் வைத்தாள். போடவில்லை, வைத்தாள்.

மிச்சம் எட்டிலும் தலைகள் ஒன்றாகவே மேலும் கீழும் ஆடின.

சனிக்கிழமை அந்தப் பெரிய மண்டபத்தில் நூறு மேஜை, ஆயிரம் வாய். காதுக்காரிக்கு அது ஆலை மாதிரி இருந்தது. கண்காட்சி அம்மா அதே அட்டையோடு வந்தாள். அட்டையைப் பார்த்தபடியே குனிந்து ஏதோ சொன்னாள். மற்ற நாளாயிருந்தால் காதுக்காரி தலையாட்டியிருப்பாள். தலையும் பாதி கிளம்பிவிட்டது. அதை நிறுத்தினாள்.

"அம்மா, எனக்குக் காது கேக்காது. முகத்தைக் காட்டிச் சொல்லுங்க."

அந்த அம்மா நிமிர்ந்தாள். பக்கத்து மேஜையில் மெழுகுவத்திக்காரரும் நிமிர்ந்தார். நாத்தனார் மேஜைத் துணியில் இல்லாத சுருக்கத்தை நீவ ஆரம்பித்தாள்.

"இந்தத் தடவை புகார் வரக் கூடாதுன்னு சொன்னேன்" என்றாள் அம்மா, ஒவ்வொரு சொல்லாக.

"வராது. ஒவ்வொண்ணையும் ரெண்டு பேர் கேட்டிருக்கோம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. எதையோ எழுதிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து மெழுகுவத்திக்காரர் எழுந்து வந்து, தன் இடது காதைத் தொட்டுக் காட்டி, "எனக்கு இந்தப் பக்கம்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். மதியம் நாத்தனார் அவருக்கு ஒரு கோப்பையில் டீ வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். கோப்பையைத் திருப்பி வாங்கவில்லை. ஏன் என்று சொல்லவுமில்லை.

இரண்டு நாளும் யாரும் எதையும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

ஞாயிறு மாலை ஷெட்டுக்கு வந்ததும் நாத்தனார் முதல் வேலையாகக் கூடையிலிருந்த நீலக் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் வைத்தாள். திங்கள் காலை காதுக்காரி வந்தபோது நாத்தனார் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம், ஈரமாக.

நாத்தனார் நேராக அவள் எதிரே வந்து நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள், "கெட்டது."

"என்னது? கேட்டதா?"

"கெட்டது அண்ணி."

"ஆமாமா. கேட்டது."

நாத்தனாருக்கு ஒரு நிமிஷம் பயம் வந்துவிட்டது. அப்புறம்தான் அண்ணியின் உதட்டோரம் துடிப்பதைப் பார்த்தாள். முதல் முறையாக அந்த ஷெட்டில் நாத்தனார் அரை நொடி தள்ளிச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் காதுக்காரி சக்கரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைப் பிடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். நல்ல கனம். தரையில் கோடு கிழித்துக்கொண்டு நகர்ந்தது. சுவரைப் பார்த்திருந்த சக்கரம் இப்போது காதுக்காரியின் மேஜையைப் பார்த்தது. வெளிச்சம் நாத்தனாரின் முகத்தில் விழுகிறதா என்று பார்த்து, இன்னும் ஒரு சாண் நகர்த்தினார்கள்.

நாத்தனார் உட்கார்ந்தாள். மண்ணை எடுக்கவில்லை.

காதுக்காரி தன் இடத்தில் உட்கார்ந்து, ஒட்ட வேண்டிய காதுகள் இருந்த பலகையைத் தள்ளி வைத்தாள். கை இரண்டும் மடியில் சும்மா இருந்தன.

"மழை பெஞ்ச அன்னைக்குச் சொன்னியே," என்றாள். "அதை மறுபடி சொல்லு."